ஓட்டைக் குளம்

எங்கள் ஊருக்கு மேற்கே, பொத்தை என்று நாங்கள் சொல்லும் மொட்டைப் பாறைக் குன்றின் அடிவாரத்தில், ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அதில் தண்ணீர் நிற்காது. நிற்கக் கூடாது என்றுதான் அதைக் கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு இதை நான் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறேன். அதைக் கட்டிய புதிதில் யாராவது என்னிடம் இப்படிச் சொன்னால் அவரோடு அரை மணி நேரம் சண்டை போடுவேன். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு சண்டை போட ஆள் கிடைக்காமல் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

நாங்கள் இருப்பது பள்ளத் தெரு. பொத்தையில் விழுகிற மழையெல்லாம் ஓடையாக இறங்கி, எங்கள் தெரு ஓரமாகப் போய், வயல்களைத் தாண்டித் தாமிரபரணியில் சேரும். சின்ன மழைக்கு ஓடை தன் பாட்டுக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் கொட்டினால் மட்டும் வீட்டுக்குள் வந்து எல்லாரையும் பார்த்துவிட்டுத்தான் போகும். வரும்போது செம்மண்ணும் சுள்ளியும் கொண்டுவரும், போகும்போது செருப்பைக் கொண்டுபோகும். எத்தனை ஜோடி செருப்பு இந்த வகையில் ஆற்றுக்குப் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது.

ஐப்பசி பிறந்ததும் என் மனைவி கட்டிலுக்குச் செங்கல் அண்டை கொடுத்து உயர்த்துவாள். அரிசி டிரம் கட்டில் மேல் ஏறும். பிரிட்ஜ் ஒரு மேஜை மேல் ஏறும். ஐஸ் தண்ணீர் வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டுத்தான் எடுக்க வேண்டும். வாசற்படியில் மணல் நிரப்பிய உரச்சாக்குகள் இரண்டு குறுக்கே கிடக்கும். மார்கழி முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் நேராக நடந்து உள்ளே வர முடியாது, காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் போட்டுத்தான் வரவேண்டும். என் ஒரே மகள் நடை பழகியதே அந்தச் சாக்கைத் தாண்டித்தான். பள்ளத் தெருக்காரர்களை எந்தக் கல்யாண மண்டபத்திலும் கண்டுபிடித்துவிடலாம் என்று மேலத்தெருவில் கேலி பேசுவார்கள். படி இல்லாத இடத்திலும் காலைத் தூக்கி வைப்போமாம்.

மகளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்தோம். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு அவருடைய அம்மாவும் வந்திருந்தார். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க மாப்பிள்ளையை மனையில் உட்கார வைத்தோம். வெந்நீர் வருவதற்கு முன்னால் ஓடைத் தண்ணீர் வந்துவிட்டது. அவர் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றபடியே முந்திரிக்கொத்து சாப்பிட்டார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டுதான் சாப்பிட்டார். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை.

மறு வருடம் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தது. நான் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தேன். கார்த்திகைக் கடைசியில் வளைகாப்பு, அப்படியே பிரசவம்வரை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று என் மனைவி நாள் பார்த்து வைத்திருந்தாள். அப்போதுதான் சம்பந்தியம்மா போனில் பேசினார்.

"மதினி, தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். அந்த முறைய நான் மாத்தச் சொல்லல. ஆனா வயித்துப்பிள்ளக்காரிய நாற்காலி மேல நிப்பாட்ட முடியுமா? இந்த வருச மழையப் பாப்போம். தண்ணி உள்ள வரலைன்னா நானே கொண்டாந்து விடுதேன். வந்துச்சுன்னா வளைகாப்பு, பிரசவம் எல்லாம் இங்கனதான்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எங்களுக்கு ரொம்ப வலித்தது. என் மனைவி போனை வைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்த செங்கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று முழுக்க அவள் என்னைத் திட்டவில்லை. அவள் திட்டவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் கோடையில்தான் பொத்தை அடிவாரத்தில் ஓடையை மறித்து மண் கரை போட்டார்கள். இரண்டு ஆள் உயரம் இருக்கும். நடுவில், தரையோடு தரையாக, ஒரு சிமெண்டுக் குழாய் கரைக்கு உள்ளேயிருந்து வெளியே போனது. உள்பக்கத்து வாயில் குப்பை போகாமல் கம்பி வலை. கரையின் ஒரு ஓரத்தைத் தாழ்த்திக் கல் பதித்திருந்தார்கள். நிறைந்துவிட்டால் வழிந்து ஓட அது மறுகால். வேலையைப் பார்த்துக்கொண்டது ஒரு சின்ன வயது இன்ஜினியர் பெண். வெயிலில் நின்று நின்று அவள் முகமும் அந்த மண் நிறத்துக்கு வந்திருந்தது.

நான் தினமும் அங்கே ஆஜர். கூடவே பால்காரர். அவரும் பள்ளத் தெருதான், என் வயது, மூன்று எருமை வைத்திருக்கிறார். அதில் மூத்த எருமை தினமும் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்று, என் மனைவி கொடுக்கிற கழுநீரைக் குடித்துவிட்டுத்தான் மேய்ச்சலுக்குப் போகும்.

"இதுல எவ்வளவு நாளைக்கும்மா தண்ணி நிக்கும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"நிக்காது அண்ணாச்சி. பெருமழை வந்தா மொத்தமா ஒங்க தெருவுக்கு வராம இது புடிச்சு வச்சுக்கிடும். பொறவு குழாய் வழியா பைய விடும். மழை விட்டு ரெண்டு நாள்ல காலியாயிரும்."

"காலியாகுறதுக்கு எதுக்கும்மா குளம்?"

"காலியா இருந்தாத்தான அண்ணாச்சி அடுத்த மழைக்கு இடம் இருக்கும்?"

பால்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். "தண்ணிய நிறுத்துததுக்குத்தான் கரை போட்டுப் பாத்திருக்கோம் தாயி. வழியனுப்பி வைக்கதுக்குக் கரை போடுதவ நீதான்" என்றார்.

அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று மாலை டீக்கடையில் அதற்கு ஓட்டைக் குளம் என்று பேர் வைத்தது நான்தான். ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அதுவே பேராகிவிட்டது.

எங்கள் மேல் முழுப் பழியும் போட முடியாது. தாமிரபரணிப் பக்கத்தில் குளம் என்றால் பெருக வேண்டும். குளம் மறுகால் பாய்கிறது என்று கேள்விப்பட்டால் போட்டது போட்டபடி கிடக்க, குடும்பத்தோடு போய்ப் பார்ப்போம். பெண்கள் தண்ணீரில் பூப்போட்டுக் குலவையிடுவார்கள். இரண்டு ஊர்க்காரர்கள் பஸ்ஸில் பார்த்துக்கொண்டால் பிள்ளைகுட்டி சுகமா என்று கேட்பதற்கு முன்னால் "ஒங்க ஊர்க் குளம் பெருகிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். என் காது அதைக் கேட்டே வளர்ந்தது.

ஐப்பசியில் முதல் பெருமழை வந்தது. ஒரு மத்தியானம் முழுக்கக் கொட்டியது. சாக்கு போட்ட வாசலில் நாங்கள் இருவரும் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடை தன் கரைக்குள் கலங்கலாக ஓடியது. வீட்டுக்குள் வரவில்லை. என் மனைவி நேராகப் போய் விளக்கேற்றினாள். எனக்கும் சந்தோஷம்தான். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மழை விட்டதும் கரைக்குப் போனேன். உள்ளே பாதிக் குளம் தண்ணீர். வெளியே குழாய் வழியாகக் கொடகொடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வயலுக்கும் போகாமல், ஒருத்தருக்கும் பயன்படாமல், நேராக ஆற்றுக்கு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. பால்காரரும் பக்கத்தில் வந்து நின்றார். ஒரே யோசனைதான் இருவருக்கும்.

மறுநாள் காலை வாசலில் கிடந்த இரண்டு சாக்கையும் அவருடைய தள்ளுவண்டியில் ஏற்றினேன். இனி இது வாசலுக்கு எதற்கு என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் மூளை. மணலைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வைக்கோலும் களிமண்ணுமாகத் திணித்து, கம்பி வலையோடு சேர்த்து வைத்து அழுத்தினோம். அதற்குள் தண்ணீர் முழங்காலளவுக்கு வடிந்திருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. பிரிந்துவிடாமல் இரண்டு சாக்கையும் சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கினேன். பஸ் கூரையில் மூட்டை கட்டிப் பழகிய கை என்னுடையது. நான் போட்ட முடிச்சு திருநெல்வேலிக்குப் போய்ச் சேரும்வரை அவிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

அடுத்த மழை வந்து போனபோது ஓட்டைக் குளம் நிறைந்துவிட்டது. மறுகால் கல்லுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் தளதளவென்று நின்றது. பிறகு மூன்று நாள் நல்ல வெயில். பொத்தை அப்படியே தலைகீழாக உள்ளே தெரிந்தது. ஊரே திரண்டு வந்தது. மேலத்தெருக்காரர்கள்கூட வந்து கரையில் நின்று போட்டோ எடுத்தார்கள். எருமைகள் இறங்கியவை ஏறவில்லை. என் மனைவி மூன்றாம் நாள் மற்ற பெண்களோடு வந்து, சாமந்திப் பூவை உதிர்த்துத் தண்ணீரில் போட்டுக் கும்பிட்டாள். குலவையும் போட்டாள். அவள் யாரைக் கும்பிடுகிறாளோ தெரியாது, என்னைத்தான் என்று நான் மனதுக்குள் எடுத்துக்கொண்டேன். வீடியோ எடுத்து மகளுக்கும் அனுப்பினாள். பால்காரர் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். நானும் எனக்கு இல்லாத மீசையைத் தடவினேன்.

யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி, கடைசியில் இன்ஜினியர் பெண்ணிடம் போயிருக்கிறது. பூப்போட்டு முடிப்பதற்குள் அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கரையேறி உள்ளே பார்த்தாள். இறங்கிப் போய் வெளியே குழாயைப் பார்த்தாள். குழாய் வாயில் ஒரு ஓணான் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"மழை விட்டு மூணு நாளாச்சே. ஏன் தண்ணி நிக்கி?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கு மத்தியானத்துக்கு மேல பெருமழைன்னு சொல்லியிருக்காங்க. குளத்துல இடமே இல்ல. வாற தண்ணி பூராவும் அப்படியே மறுகால் ஏறி ஒங்க தெருவுக்குத்தான் வரும்."

பெண்கள் கையில் மீதிப் பூவோடு நின்றார்கள். நான் பொத்தையைப் பார்த்தேன். பால்காரர் எருமையைப் பார்த்தார்.

என் மனைவி மட்டும் என்னைப் பார்த்தாள். "வாசல்ல கெடந்த சாக்கு ரெண்டையும் காணலியேன்னு ஒரு வாரமாத் தேடுதேன்" என்றாள், மெதுவாக. "எங்க இருக்கு?"

நான் தண்ணீரைக் காட்டினேன்.

"ஒங்களுக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு?" அவ்வளவுதான் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியில் நின்ற மாப்பிள்ளையும், சிரிக்காத சம்பந்தியம்மாவும், தூத்துக்குடியில் உட்கார்ந்து மழைச் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிற என் மகளும் எனக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தார்கள். என் மகள் வீட்டுக்கு வரும் வழியை நானே என் கையால் முடிச்சுப் போட்டு அடைத்து வைத்திருந்தேன்.

நான் சட்டையைக் கழற்றினேன். இன்ஜினியர் பெண் தடுத்துவிட்டாள். "ஒருத்தரும் உள்ள இறங்கக் கூடாது அண்ணாச்சி. ஆள் முங்குத தண்ணி. சாக்கு திடீர்னு விலகிச்சுன்னா இழுத்து வலையோட வச்சு அமுக்கிரும்."

மேலத்தெருவில் ஒரு வீட்டில் பாதாளக்கரண்டி இருந்தது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிறதற்குச் சுற்றிலும் கொக்கி வைத்த இரும்பு. அதை நீளக் கயிற்றில் கட்டி, குழாய் வாய்க்கு நேராகக் கரையில் நின்று வீசினோம். நாலாவது வீச்சில் கொக்கி எதிலோ மாட்டியது. நான் போட்ட கயிற்றில்தான். அந்த முடிச்சு லேசாக இருந்திருந்தால் சாக்கு கிழிந்து வைக்கோல்தான் கையோடு வந்திருக்கும். "பாருங்க, நல்ல முடிச்சு" என்றேன். யாரும் பாராட்டவில்லை.

ஏழெட்டுப் பேர் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. உள்ளிருந்து அத்தனை தண்ணீரும் சாக்கை வலையோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. பால்காரர் ஒரு பழைய டயரைக் கொண்டுவந்து மூத்த எருமையின் கழுத்தில் போட்டு, அதில் கயிற்றை மாட்டினார். எருமை வெயிலையும் எங்களையும் பார்த்தது. கரைமேல் ஏறுவதற்குப் பதிலாகத் திரும்பித் தண்ணீருக்குள் போய்ப் படுத்துவிட்டது. தட்டிப் பார்த்தார், கொஞ்சிப் பார்த்தார், அதன் தாய்வழியைச் சொல்லித் திட்டியும் பார்த்தார். அது கண்ணை மூடிக்கொண்டது.

என் மனைவி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். கழுநீர் வாளியோடு திரும்பி வந்தாள். கரையின் அந்தப் பக்கத்துச் சரிவில் நின்றுகொண்டு, தினமும் வாசலில் கூப்பிடுவதுபோல் வாளியைக் கையால் தட்டி "ம்பா, ம்பா" என்றாள்.

எருமை காதை ஆட்டியது. எழுந்தது. கரைமேல் ஏறியது. கயிறு விறைத்தது. ஒரு நிமிடம் எருமையும் குளமும் ஒன்றையொன்று இழுத்தபடி அப்படியே நின்றன. என் மனைவி வாளியை இன்னும் இரண்டடி பின்னால் நகர்த்தினாள். எருமை ஒரு மூச்சு விட்டு முன்னால் நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. என் இரண்டு சாக்கும் தண்ணீரிலிருந்து வெளியே வந்து, வைக்கோல் வழிய, அதன் பின்னால் கரையில் ஏறின.

குழாய்க்குள் முதலில் ஒரு இருமல் கேட்டது. ஓணான் ஓடிவிட்டது. அப்புறம் களிமண்ணும் வைக்கோலுமாகக் கக்கியது. அதன் பிறகு வந்தது பாருங்கள் தண்ணீர், அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் பேசியது கேட்கவில்லை. சட்டைப்பையில் இன்னும் நான் வைத்திருக்கிற விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினேன். பஸ் புறப்படலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். என் மனைவி வாளிப் பக்கத்தில் நின்றபடி கையை வாயருகே கொண்டுபோய்க் குலவையிட்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். குளம் காலியாவதற்குக் குலவை போட்டார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இன்ஜினியர் பெண்ணும் கரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

பிறகு என் மனைவி கீழே வந்து என்னிடம் சொன்னாள்: "முப்பது வருசம் பஸ்ஸுல போனீங்களே. வந்தவங்கள இறக்கி விடாம அடுத்த டிரிப்புக்கு எங்கன ஆள் ஏத்துவீங்க?" இதை இன்ஜினியர் பெண் கோடையிலேயே சொல்லியிருந்தாள். எனக்கு அது பஸ் பாஷையில் சொன்னால்தான் ஏறும் போலிருக்கிறது.

மறுநாள் மத்தியானம்வரை வெயில் அடித்தது. அந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நான் சூரியனைக் கும்பிட்டேன். முக்கால் குளம் வடிந்திருந்தபோது பொத்தை கறுத்தது. பிடித்தது மழை. நான் குடையோடு கரை ஓரத்தில் நின்றேன். என் மனைவி வாசற்படியில். சாக்குகள் இரண்டும் கிழிந்துபோனதால் படியில் அன்று ஒன்றும் இல்லை. போனில் பேசிக்கொண்டே இருந்தோம்.

"எங்கன நிக்கி?"

"மறுகாலுக்கு நாலு முழம் கீழ. வாசல்ல?"

"ஓடைக்குள்ளதான் போகுது. இப்ப எங்கன?"

"ரெண்டு முழம்."

"படியில உக்காந்திருக்கேன்" என்றாள். "தண்ணி வந்தா மொதல்ல என் காலத் தொட்டுட்டுத்தான் உள்ள போகணும்."

ஒரு முழம். அதற்கு மேல் ஏறவில்லை. மழை விட்டபோது நல்ல வெளிச்சம் இருந்தது. முந்தின நாள் தண்ணீர் உள்ளேயே நின்றிருந்தால் இது எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். குழாய் வழியாகத் தண்ணீர் சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. பத்து நாளைக்கு முன் என் வயிற்றை எரித்த அதே தண்ணீர்தான். நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு அழகாக இருந்தது.

மூன்றாம் நாள் சம்பந்தியம்மா சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். வீட்டுக்குள் நுழைந்தவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து கட்டிலுக்கடியில் தரையைத் தடவிக் கையைப் பார்த்தார். தூசிதான் ஒட்டியிருந்தது. "அந்தக் குளத்தப் பாக்கணும்" என்றார்.

கூட்டிப் போனேன். கரைமேல் நின்று பார்த்தார். உள்ளே புல்லும் ஈர மண்ணும். எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. என் மனைவி போட்ட பூ அங்கங்கே மண்ணில் ஒட்டிக் கிடந்தது.

"என்ன அண்ணாச்சி, இதுல சொட்டுத் தண்ணி இல்லியே?"

"ஆமாம்மா" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "சொட்டுத் தண்ணி கெடையாது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கார்த்திகைக் கடைசியில், சொன்ன சொல் தவறாமல், அவரே காரில் மகளைக் கூட்டிவந்தார். வெளியே லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வளைகாப்புக்கு வந்த உறவுக்காரர்களும் தெருப் பெண்களும் வீடு நிறைய. என் மனைவி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். மகள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வாசலுக்கு வந்தாள். வந்தவள் வலது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினாள். தாண்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

தூக்கிய காலோடு அவள் கீழே பார்த்தாள். வெறும் படி, மாக்கோலம் போட்டுக் காய்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்தாள்.

"பைய வைட்டி" என்றாள் என் மனைவி. "தரைதான்."